குப்பனின் புளியமரங்கள் எங்கே நிற்கின்றன

ராஜாக்கண்ணுவிடம் 'எங்கே இருக்கிறீர்கள்' என்று கேட்டுவிட்டால் லேசில் தப்பிக்க முடியாது. கல்யாணமான புதிதில் பூங்கோதை சமையலறையிலிருந்து ஒருநாள் அப்படிக் கேட்டுவிட்டு, ரசம் பொங்கி வழியும்வரை நின்று பதில் கேட்க வேண்டியதாயிற்று. எதை வைத்து எங்கே என்று சொல்வது? வாசலை வைத்தா? வாசல் பூமியோடு சுழல்கிறது. பூமியை வைத்தா? அது சூரியனைச் சுற்றி ஓடுகிறது. சூரியனாவது சும்மா இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. எதுவுமே நின்ற இடத்தில் நிற்காதபோது 'இங்கே' என்ற சொல்லுக்கு என்னதான் பொருள் என்று கேட்டான் அவன். "கூடத்துல இருக்கீங்களா, தோட்டத்துல இருக்கீங்களான்னு கேட்டேன்" என்றாள் அவள். அதோடு சரி, மறுபடி கேட்டதில்லை.

ஜவ்வாது மலைமேல் இருந்த வானாய்வுக்கூடத்தில் அவனுக்கு வேலை. அங்கேயே குவார்ட்டர்ஸ். நட்சத்திரங்கள் வருஷத்துக்கு வருஷம் துளித்துளியாக இடம் மாறுகின்றன என்பதால் அவற்றை நம்பி எதையும் அளக்க முடியாது. ஆனால் மிக மிகத் தொலைவில் இருக்கும் விண்மீன் கூட்டங்கள் எவ்வளவு வேகமாகப் போனாலும் இங்கிருந்து பார்த்தால் அசைவது தெரியாது. அவற்றை முளைக்குச்சிகளாக வைத்துக்கொண்டால், அண்டத்தில் எது எங்கே இருக்கிறது என்பதை எல்லோருக்கும் பொதுவாக, மாறாதபடி சொல்லிவிடலாம். உலகத்தில் சிலபேர் அதற்கு முயன்றுகொண்டிருந்தார்கள். அந்த வேலையின் ஒரு நுனி ராஜாக்கண்ணு கையில் இருந்தது.

நுனிதான். ஆனால் கீழே சந்தவாசலில் வேர்க்கடலை மண்டியில் உட்காரும் அவன் அப்பா மொத்தத்தையும் மகன் கணக்கில் சேர்த்துவிட்டார். "நம்ம பையன் வானத்தையே அளக்கறான்" என்று அவர் ஊராரிடம் சொல்லும்போது ராஜாக்கண்ணு பக்கத்தில் இருந்தால் மறுக்க மாட்டான். அடக்கமாகச் சிரிப்பான். அந்தச் சிரிப்பு ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் விடும் என்று அவனுக்கு அப்போது தெரியாது.

எண்பத்தொன்றாம் வருஷத்து ஐப்பசி மழையில் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சரிவு இடிந்து, காட்டு எல்லைக்கல் ஒன்றை அடித்துக்கொண்டு போயிற்று. கல்லுக்கு மேற்கே, மலையை ஒட்டி, குப்பன் என்பவரின் புளியமரங்கள். கிழக்கே பள்ளத்தில் ரிசர்வ் காடு. கல் இருந்தவரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை. போனபின் புதிதாக வந்திருந்த ரேஞ்சருக்கு வந்தது. அவர் மோசமான மனிதர் இல்லை. மரங்கள் எந்தப் பக்கம் என்று மேப்பைப் பார்த்துத் தன்னால் சொல்ல முடியவில்லை, மாசியில் காட்டுப் புளியை ஏலம் விட வேண்டும், அதற்குள் தீர்ந்தால் எல்லோருக்கும் நல்லது என்றார். சரிவுக்கு மேலே உண்ணிச்செடிப் புதருக்குள் அடுத்த எல்லைக்கல் இருக்கும், புதரை வெட்டி அதைக் கண்டுபிடித்து, அங்கிருந்து சங்கிலி போட்டு அளக்கலாம் என்று வழியையும் அவரே சொன்னார்.

குப்பனுக்கு வேறு யோசனை இருந்தது. வானாய்வுக்கூடத்தின் பெரிய குவிமாடம் கட்டும்போது மணல் சுமந்தவர் அவர். அதில் அவருக்குப் பெருமை உண்டு. ஒருநாள் காலையில் ரேஞ்சரையும் கூட்டிக்கொண்டு ராஜாக்கண்ணுவின் குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டார்.

"ஐயா, நீங்க ஒருக்கா வந்து பாத்து, மரம் எந்தப் பக்கம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதும்ங்க. நான் ஒத்துக்கறேன். ரேஞ்சரய்யாவும் ஒத்துக்கறாராம். வானத்துல இருக்கறதே எங்க இருக்குதுன்னு சொல்றீங்க. எங்க மரம் எங்க இருக்குதுன்னு சொல்ல மாட்டீங்களா?"

"நான் புதரை வெட்டிப் பாக்கலாம்னுதான் சொன்னேன்" என்றார் ரேஞ்சர்.

"எதுக்கு சார் வீண் வேலை?" என்றான் ராஜாக்கண்ணு. "கல்லுன்னா யார் வேணா நகர்த்தலாம். நட்சத்திரத்தை வச்சுப் பாத்துட்டா அதுக்கு மேல பேச்சே இல்ல."

இந்த வார்த்தைகளை அவன் வாயிலிருந்து யாரும் பிடுங்கவில்லை. அவனாகவே சொன்னான். உள்ளே காபி கலந்துகொண்டிருந்த பூங்கோதைக்கும் கேட்டது.

அளக்கும் கருவியைப் பெட்டியோடு ஒரு ஆள் தலையில் வைத்து, அவன் தோப்புக்குப் போனான். வழியெல்லாம் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். அவன் கையாண்ட முறையில் மர்மம் ஒன்றும் இல்லை. தலைக்கு நேர் உச்சியில் எந்த நட்சத்திரம் எந்த நொடியில் வந்து நிற்கிறது என்று தெரிந்தால், நாம் பூமியில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று கணக்குப் போட்டுவிடலாம். நேர் உச்சி எது என்று காட்டத் தூக்குக்குண்டு இருக்கிறது. நூலில் தொங்கும் குண்டு நேர் கீழே காட்டும், அதற்கு எதிர்த்திசை நேர் மேல். கொத்தனார் சுவரை நிமிர்த்துவதும் இதே குண்டை வைத்துத்தான்.

சில இரவுகள் பார்த்து, கணக்குப் போட்டு, மறுபடி போட்டு, மேப்பில் புள்ளி வைத்தான். புள்ளி காட்டு எல்லைக்கு உள்ளே ஒரு அரிசி நீளம் தள்ளி விழுந்தது. மேப்பில் அரிசி நீளம் என்றால் தரையில் ஏறக்குறைய ஒரு பர்லாங். குப்பனின் மரங்கள் அத்தனையும் காட்டுக்குள். ராஜாக்கண்ணுவுக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மை உண்மைதானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். அப்படித் தேற்றிக்கொள்வதிலும் ஒரு சுகம் இருந்தது.

வேடியப்பன் கோயிலுக்கு முன்னால் ஊர் கூடியது. அந்த ஊரில் எல்லைத் தகராறுக்கு ஒரு முறை உண்டு. இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட பொதுமனிதர் ஒரு கோலை நடுவார். நட்டபின் யாரும் எதிர்த்துப் பேசக் கூடாது. தோற்றவர் இரண்டு காரியம் செய்ய வேண்டும். அதுவரை அந்த நிலத்தில் எடுத்துத் தின்ற தன் முன்னோரின் பேரைச் சொல்லி, அவர்கள் செய்தது தப்பு என்று ஊர் காது கேட்கச் சொல்ல வேண்டும். பிறகு, மனத்தாங்கல் இல்லை என்று காட்ட, கோல் நட்டவரைத் தன் வீட்டுக்கு அழைத்துக் கை நனைக்க வைக்க வேண்டும். ராஜாக்கண்ணு தோப்புக்கு மேற்கே, மரங்களெல்லாம் காட்டுப்பக்கம் போகும்படி, கோலை நட்டான்.

நாட்டாமை கோபால்சாமி ஒன்று மட்டும் கேட்டார். "அப்ப இத்தினி வருசமா கல்லு அந்தாண்ட இருந்துச்சே, அது எப்டிங்க?"

"யாராவது நகர்த்தி வச்சிருக்கணும்" என்றான் ராஜாக்கண்ணு. கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவுதான் அவனுக்கு. ஆனால் கல்லை நகர்த்தினால் யாருக்கு லாபம் என்பது அங்கே உட்கார்ந்திருந்த சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எல்லோரும் குப்பனைப் பார்த்தார்கள்.

குப்பன் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "எங்கப்பன் சின்னராசு. அவருதான் கல்லைத் தள்ளி வச்சிருக்கணும். காட்டு மரத்துல திருடித் தின்னு எங்களையும் வளத்துட்டாரு. தப்புதாங்க."

அன்று மத்தியானம் குப்பனின் வீட்டில் ராஜாக்கண்ணு சாப்பிட்டான். அவர் மனைவி பாஞ்சாலை சாமைச்சோறும் மொச்சைக் குழம்பும் பரிமாறினாள். முகம் நிமிரவில்லை. வீட்டில் யாரும் பேசவில்லை. அந்த அமைதியை எப்படியாவது கலைக்க வேண்டும் என்று, "குழம்பு பிரமாதம்" என்று சொல்லி இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டான் ராஜாக்கண்ணு. பின்னால் அவன் நினைத்து நினைத்துக் கூசியவற்றில் அந்த இன்னொரு கரண்டிக் குழம்புக்குத் தனி இடம் உண்டு.

தை பிறந்து சில நாள் கழித்து, மலைக்கு மலை முக்கோணம் போட்டு நிலம் அளக்கும் சர்வேக்காரர் ஒருவர் விருந்தாளியாக வானாய்வுக்கூடத்துக்கு வந்தார். டீ குடிக்கும்போது ராஜாக்கண்ணு தோப்புக் கதையைச் சொன்னான், தன் கெட்டிக்காரத்தனத்துக்கு உதாரணமாக. சர்வேக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மலைச்சரிவிலயா குண்டைத் தொங்கவிட்டீங்க? மேற்கே அவ்ளோ பெரிய மலை இருக்குதே. குண்டு கொஞ்சம் மலைப்பக்கம் சாயுமே. அதைக் கழிச்சீங்களா?"

ராஜாக்கண்ணுவின் முகம் வெளுத்துவிட்டது. மலை என்பது அத்தனை பெரிய பாரம். பாரம் எதையும் தன் பக்கம் இழுக்கும், குண்டையும் இழுக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் கீழ் என்று அவன் நம்பியது சரியான கீழ் இல்லை என்றால், மேல் என்று நம்பியதும் சரியான மேல் இல்லை. குண்டு மேற்கே சாய, உச்சி கிழக்கே சாய, தோப்பு ஒரு பர்லாங் கிழக்கே போய்க் காட்டுக்குள் விழுந்துவிட்டது. இது அவன் படிக்காத விஷயமா என்றால் அதுவும் இல்லை. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறான்.

"நட்சத்திரத்துல குத்தமில்ல" என்றார் சர்வேக்காரர் ஆறுதலாக. "நாம நிக்கற இடந்தான் கோணல்."

மூன்று நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் ரேஞ்சரிடம் போய், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னான். ரேஞ்சர் கோபிக்கவே இல்லை. ஆட்களை விட்டுப் புதரை வெட்டினார், மேல்கல் கிடைத்தது, சங்கிலி போட்டு அளந்தார்கள். மரங்கள் எல்லைக்கு மேற்கே சுத்தமாகக் குப்பனின் நிலத்தில் நின்றன. பழைய கல் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்திருக்கிறது. யாரும் அதைத் தொட்டதே இல்லை.

"நல்லவேளை, இன்னும் ஏலம் விடல" என்றார் ரேஞ்சர். "நீங்க இதுக்குன்னு அலைய வேணாம் சார். நான் ஃபாரஸ்ட் கார்டை விட்டு குப்பன்கிட்ட சொல்லிடறேன்."

ராஜாக்கண்ணுவுக்கு உயிர் வந்தது. ஊர் முகத்தில் விழிக்காமலே காரியம் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பூங்கோதையிடம் சொல்லும்போது குரலில் பழைய தெம்புகூடக் கொஞ்சம் திரும்பியிருந்தது.

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "மரத்தை கார்டு போய் குடுத்துடுவாரு. செரி. அந்தாளு அவங்கப்பாவை ஊர் முன்னால திருடன்னு சொன்னாரே, அதையும் கார்டுதான் போய் இல்லன்னு சொல்வாரா?"

"நானா அப்படிச் சொல்லச் சொன்னேன்? அது அவங்க வழக்கம்."

"கல்லை யாரோ நகர்த்தினாங்கன்னு சொன்னது யாரு, கார்டா?"

அவனுக்குக் கோபம் வந்தது. பதில் இல்லாதபோது வரும் கோபம். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய், கொஞ்ச தூரம் நடந்து, திரும்பி வந்தான். மறுநாள் காலையில் ஜீப்பில் பாதி வழியும் நடந்து மீதி வழியுமாக நெல்லிவாசல்நாட்டுக்குப் போனான்.

குப்பன் வீட்டில் இல்லை. பாஞ்சாலை முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் எழுந்து, உட்காரப் பலகை போட்டாள். அந்தப் பலகையில் உட்கார அவனுக்கு மனம் வரவில்லை.

"மரம் உங்களுதுதான்மா. நான் அளந்ததுல தப்பு நடந்துபோச்சு."

"கார்டு நேத்தே வந்து சொல்லிட்டாருங்க" என்றாள் அவள். சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. "ஊட்டுக்காரரு கேட்டுட்டு ஒண்ணும் பேசல. அவரு இப்பல்லாம் யார்கிட்டயும் பேசறதில்லீங்க. ஊர் கூட்டத்துக்கும் போறதில்ல. பொங்கலுக்கு அடுத்த நாளு செத்தவங்களுக்கெல்லாம் எலை போட்டுப் படைப்போம். இந்த வருசம் மாமனாருக்கு எலை போட வேணாம்னுட்டாரு. நான் போட்டேன். எடுத்து மாட்டுக்கு வச்சிட்டாரு. திருடனுக்கு இன்னா எலைன்னாரு."

மரம், புளி, ஏலம் என்றுதான் ராஜாக்கண்ணு இத்தனை நாள் கவலைப்பட்டிருந்தான். தான் செய்த காரியத்தின் பாதியைக்கூட அவன் பார்த்திருக்கவில்லை. ஊரைக் கூட்டச் சொல்லுங்கள், நான் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னான்.

சாயங்காலத்துக்கு முன்பே ஊர் கோயிலடியில் கூடிவிட்டது. குப்பனும் வந்தார். எல்லோருக்கும் பின்னால், கோயில் சுவரை ஒட்டி உட்கார்ந்தார். ஒரு மாதத்தில் மனிதர் பாதியாகியிருந்தார்.

வரும் வழியெல்லாம் ராஜாக்கண்ணு வாக்கியங்களை ஒத்திகை பார்த்திருந்தான். எழுந்து நின்றதும் வாய் வேறு வழியில் போயிற்று. தூக்குக்குண்டைப் பற்றிச் சொன்னான். மலையின் பாரம் பற்றிச் சொன்னான். "அதாவது, மலை குண்டைத் தன் பக்கம் இழுத்துடுச்சு. அதனால தோப்பு கிழக்கே தள்ளி விழுந்துடுச்சு" என்று முடித்தான். ஒரு பொய்கூட இல்லை. எல்லாம் புத்தகத்தில் இருப்பது. ஆனால் அவன் பேசி முடித்தபோது, தப்பு செய்தது மலை என்றும், அவன் அதைக் கண்டுபிடித்து வந்து சொல்கிறவன் என்றும் ஆகியிருந்தது. அவன் வேண்டுமென்றே செய்தான் என்று சொல்ல மாட்டேன். தெரியாமல் செய்தான் என்றும் சொல்ல மாட்டேன்.

நாட்டாமை கோபால்சாமி கோயிலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மலைதான் இழுத்துச்சா? மலை சும்மா இழுக்காதுங்களே. மலை குண்டை இழுத்து மரத்தை அந்தாண்ட தள்ளுச்சுன்னா, குப்பன் குடும்பத்து மேல வேடியப்பனுக்கு இன்னாவோ கொறை இருக்குது. இவனுக்கு அந்த மரம் வேணாம்னு சாமியே சொல்லுது."

பலர் தலையாட்டினார்கள். நியாயம்தானே என்று ஒருவர் சொன்னார். பின்னாலிருந்து குப்பன் எழுந்தார்.

"எனக்கும் அப்டித்தாங்க தோணுது" என்றார் மெதுவாக. "எங்கப்பன் பண்ணது இன்னும் எதுனா இருக்கும். மரத்தை நான் தொடலீங்க. மலையே வச்சிக்கட்டும்."

செத்துப்போன மனிதரை ராஜாக்கண்ணு இரண்டாம் தடவையும் திருடனாக்கிவிட்டான், அதுவும் மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில். ஒளிந்துகொள்ள வேறு இடம் எதுவும் மிச்சமில்லை.

"மலை இல்லீங்க" என்றான். "மலை எல்லாக் குண்டையும்தான் இழுக்கும். யார் தொங்கவிட்டாலும் இழுக்கும். அது எனக்குத் தெரியும். படிச்சிருக்கேன். அன்னைக்கு நான் நினைச்சுப் பாக்கல. ரேஞ்சர் புதரை வெட்டி அளக்கலாம்னாரு, நான்தான் வேணாம்னேன். நட்சத்திரத்தை வச்சுச் சொன்னா பெரிய ஆளுன்னு நினைப்பீங்கன்னு வேணாம்னேன். கல்லை யாரோ நகர்த்தினாங்கன்னு நான் சொன்னது பொய். யாரும் நகர்த்தல. சின்னராசு திருடல. தப்பு பண்ணது நான் ஒருத்தன்தான்."

சந்தவாசலில் அப்பாவின் காதுக்கு இது எப்படியும் போய்ச் சேரும் என்று சொல்லும்போதே தெரிந்தது. போகட்டும் என்று இருந்தது. தான் நட்ட கோலைத் தானே போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்து நாட்டாமையின் காலடியில் வைத்தான். நட்ட கோலைப் பிடுங்கி அந்த ஊர் பார்த்ததில்லை. கடைசியில் கோபால்சாமி, "மரம் குப்பனுது. சின்னராசு மேல கொறை இல்ல" என்று ஊர் சார்பில் சொன்னார். பெண்கள் பக்கம் பாஞ்சாலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

குப்பன் கூட்டத்தைத் தாண்டி முன்னால் வந்தார். அடிக்க வருகிறார் என்று ராஜாக்கண்ணு நினைத்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். அவர் அவனுக்கு எதிரே வந்து, எப்போதும் போல மரியாதையாக, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

"மரம் எங்க நிக்குதுன்னு சொல்லிட்டீங்க. செரிங்கய்யா. அன்னைக்கு எங்கப்பன் படையலுக்கு வந்திருப்பாரு. எலை இல்லாம பசியோட திரும்பிப் போயிருப்பாரு. இப்ப எங்க இருப்பாருங்க? நான் எந்தப் பக்கம் பாத்துக் கூப்புடறது?"

கேலி இல்லை, குத்தல் இல்லை. வானத்தில் இருப்பதெல்லாம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவனிடம் கேட்கிற மாதிரியே கேட்டார். கேட்டுவிட்டு, ராஜாக்கண்ணுவின் முகத்தைப் பார்த்தபடி, பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.